கறாரா, கண்டிப்பா?

கேள்வி: அலுவலகச் சுற்றறிக்கையை மொழிபெயர்க்கையில், விதிகளைத் துளியும் தளர்த்தாமல் கடைப்பிடிப்பதைக் 'கறாராக' என்று எழுதினேன். மேலதிகாரி 'கண்டிப்பாக' என்று திருத்திவிட்டார். எது சரி?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: இந்த இரண்டில் உங்கள் சொல்தான் பொருத்தம். 'கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்' என்றால், 'நிச்சயம் கடைப்பிடிக்க வேண்டும்' என்றும் பொருள்படலாம். எவ்வளவு இறுக்கமாக என்பது அதில் வராமல் போகும். 'கண்டிப்பாக வருகிறேன்' என்கிறோம். 'கறாராக வருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை.

கறார், 'கரார்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. நிலைபெற்றது, முடிவானது என்பது அங்கே பொருள். மராத்தியில் 'கரார்நாமா' ஒப்பந்தப் பத்திரம். மலையாளத்தில் 'கராறுகாரன்' ஒப்பந்தக்காரர். தெலுங்கில் 'கராரு' செய்வது முடிவு செய்வது. அங்கெல்லாம் ஒப்பந்தமாகவும் முடிவாகவும் நிற்கும் சொல், தமிழில் பேசியதிலிருந்து இறங்கிவராத குணத்துக்குப் பெயராகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பொருள் மாற்றம் இது. 'கறார் விலை' என்று கடைக்காரர் சொன்னால் பேரத்துக்கு இடமில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கண்டிப்பு பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குவது: அப்பா பிள்ளையிடம், ஆசிரியர் மாணவரிடம். கறாருக்கு அந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம். தெருவில் கீரை விற்கும் அம்மா பெரிய அதிகாரியிடமும் கறாராக இருக்கலாம். அவரைக் கண்டிப்பானவர் என்றால் அந்த இடத்தில் ஒட்டாது. கெடுபிடி வேறு. அதில் அதிகாரத்தின் நெருக்கடி இருக்கிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். விதி என்று வரும்போது, கறார் பெரும்பாலும் அதை அமல்படுத்துபவருக்கே பொருந்தும். சொன்னதை அப்படியே செய்பவருக்கு 'இம்மி பிசகாமல்' நல்லது. யோசிக்காமல் ஒரே தடத்தில் சுற்றுபவர் என்றால் செக்குமாடுதான். ஆகவே உங்கள் வாக்கியம் சுற்றறிக்கையில் இப்படி அமையலாம்: 'வருகை நேர விதியை அலுவலர்கள் இம்மி பிசகாமல் பின்பற்ற வேண்டும், பிரிவுத் தலைவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும்.'

கேள்வி: கறாரா, கராரா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: மூலத்தில் வல்லின றகர ஒலி இல்லைதான். ஆனாலும் தமிழில் வேரூன்றியது 'கறார்'. வல்லின றகரமே போடுங்கள். பெயராக வேண்டுமானால் 'கறார்த்தன்மை'. நடுவில் வரும் 'த்' என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள்.