பழைய பாய்மரப் படகை வாங்கி நானே பழுது பார்த்துக்கொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

கேட்டவர் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறார். 1970களில் கட்டிய 26 அடி கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்று பழைய கார் விலைக்கு வருகிறதாம். ஓரளவு தச்சு வேலை தெரியும், பட்டறைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது, என்ன செய்யலாம் என்கிறார்.

முடியும். ஏழு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சிச்செஸ்டர் துறைமுகத்தின் ஒரு சேற்றுக் கழியில் என் படகு நிற்கிறது. உங்களுடையதைப் போலவே அதே வயது, அதே நீளம். அடியில் இரண்டு ஏரா இருப்பதால் கடல் வற்றும்போது சாயாமல் சேற்றில் காலூன்றி நிற்கும். (ஏரா என்றால் ஆங்கிலத்தில் கீல், படகின் அடியில் நெடுக நீட்டி நிற்கும் பகுதி. நல்ல சொல் கையில் இருக்கும்போது விடுவானேன்.)

கண்ணாடியிழை லேசில் மூப்படையாது. மூப்பு வருவது அதில் மனிதர்கள் போட்ட ஓட்டைகளுக்குத்தான். ஐம்பது வருடத்தில் நான்கைந்து உரிமையாளர்கள் மாறியிருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் துளை போட்டிருப்பார். ஒருவர் கடிகாரம் மாட்டுவதற்கு, அடுத்தவர் ஆண்டெனாவுக்கு, இன்னொருவர் எதற்கென்று அவருக்கே மறந்துபோனதற்கு. வார்னிஷ், மெத்தை உறை, பளபளப்பு எல்லாம் கிடக்கட்டும். முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவைதான் ஆளை விழுங்குபவை. கழிப்பறை, கழுவுதொட்டி, எஞ்சின் குளிர்நீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாயும் ஒரு வால்வும் இருக்கும். 38 மில்லிமீட்டர் துளை நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் உள்ளே வரும். கைப்பம்பு அடித்துச் சமாளிக்கிற கணக்கு அல்ல. இந்த வால்வுகள் சாதாரணப் பித்தளையில் இருந்தால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பிறகு மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு, வெளித்தோற்றத்தில் மட்டும் வால்வு. முதல் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிய பிறகு, கழுவுதொட்டியின் குழாயை மாட்டும் பித்தளைக் காம்பைப் பிடித்து லேசாகத் திருப்பினேன். முறுக்கு மாதிரி உடைந்து கையோடு வந்தது. உடைந்த இடம் மஞ்சளாக இல்லை, ஈறு போன்ற இளஞ்சிவப்பு. அதற்கு முந்தைய கோடை முழுவதும் அந்தக் காம்பை நம்பித்தான் மிதந்திருக்கிறேன்.

சந்தேகப்படுகிற வால்வை நகத்தால் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சுரண்டிப் பாருங்கள், இளஞ்சிவப்பு தெரிந்தால் தூக்கி எறியுங்கள். மாற்றுவதற்கு வெண்கலம் நல்லது, துத்தநாகம் கரையாத வகைப் பித்தளையும் பரவாயில்லை. நான் நியூசிலாந்தின் ட்ரூடிசைன் வால்வுகளைப் போட்டேன். கண்ணாடியிழை கலந்த நைலான், அரிப்பு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்கு ஏற்ற மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தண்ணீர் பீய்ச்சும்போது தக்கையைத் தேட நேரம் இருக்காது.

அடுத்தது மேல்தளம். நீங்கள் அதிக நாட்கள் செலவிடப்போவது இங்கேதான். பெரும்பாலான படகுகளில் மேலே ஒரு கண்ணாடியிழைத் தோல், கீழே ஒன்று, நடுவே பால்சா என்ற லேசான கட்டை அல்லது ஒட்டுப்பலகை இருக்கும். ஓரக் கம்பித் தூண்கள், கயிறு கட்டும் கொண்டிகள், கைப்பிடிகள் எல்லாம் இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டு போகும் போல்ட்டுகளில் நிற்கின்றன. போல்ட்டைச் சுற்றி நீர் கசிந்தால் நடுக்கட்டை ஊறி அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்க மண்பானை வாங்குகிறவர் செய்வதைச் செய்யுங்கள்: பிளாஸ்டிக் சுத்தியல் அல்லது ஒரு நாணயத்தால் கை அகலத்துக்கு ஓரிடம் என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரெனக் கேட்கும். அழுகிய இடம் செத்த சத்தம் கொடுக்கும். அதை பென்சிலால் வட்டமிடுங்கள். என் தளத்தில் பதினோரு வட்டங்கள் வந்தன, அதில் ஒன்பது தூண்களின் அடியில்.

பெரிய பரப்பு அழுகியிருந்தால் மேல்தோலை வெட்டித் திறந்துதான் ஆகவேண்டும். போல்ட்டைச் சுற்றி மட்டும் என்றால் எளிது. 6 மில்லிமீட்டர் போல்ட்டு இருந்த துளையை மேலிருந்து 14 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள், கீழ்த்தோலைத் தொடாமல். வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் இரண்டு தோலுக்கும் நடுவிலுள்ள கட்டை துருவல் துருவலாக வெளியே வரும். கறுப்பாக, ஈரமாக, ஊறிய தேயிலை வாசனையோடு வந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும் என்று பொருள். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வரும்போது நிறுத்துங்கள். சில நாள் நன்றாகக் காயவிட்டு, கீழ்த்துளையை டேப்பால் அடைத்து, முதலில் எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) தூள் எதுவும் சேர்க்காமல் ஊற்றிக் கட்டையின் விளிம்பை நனைக்க வேண்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதத்தில் நிரப்ப வேண்டும். இறுகியதும் அதன் நடுவே 6 மில்லிமீட்டர் துளை போட்டால் போல்ட்டு இனி எபாக்சியை மட்டும்தான் தொடும். பின்னால் கசிந்தாலும் கட்டைக்குப் போக வழியில்லை.

எபாக்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் பயன்படுத்துவது வெஸ்ட் சிஸ்டம், ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு இறுக்கி. கண்ணளவு உதவாது, அதிகமாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்பதும் கிடையாது, பிசுபிசுவென்று கிடக்கும். அளவைவிட முக்கியம் கலக்கும் பாத்திரம். ஒரு ஜூலை மதியம் பேராசைப்பட்டு ஒரு தயிர் டப்பா நிறையக் கலந்தேன். எபாக்சி இறுகும்போது சூடாகும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும். ஆழமான டப்பாவில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. இரண்டாவது துளையை நிரப்பிவிட்டுத் திரும்பினால் டப்பா புகைந்துகொண்டிருக்கிறது, அடிப்பாகம் உருகித் தளத்தில் ஒட்டிவிட்டது. அந்த வட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது எதை வைத்து அடைப்பது என்பதில் ஆளுக்கொரு மதம். என் கட்சி பியூட்டைல் நாடா, பிசைந்த மாவு போல் ஒட்டும் ரப்பர்ப் பட்டை. துளையின் வாயைச் சாய்வாகக் கொஞ்சம் குடைந்து, நாடாவை போல்ட்டின் கழுத்தில் சுற்றி, இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் போதும். அது இறுகுவதே இல்லை, அதுதான் அதன் நல்ல குணம். படகு முறுக்கிக்கொடுக்கும்போது அதுவும் இழுபட்டுக்கொடுக்கும். 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசை போட்டால் அடுத்த முறை கழற்றும்போது தளத்தின் தோலும் சேர்ந்து வரும். வீட்டுக் குளியலறை சிலிகானை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அது தடவிய இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. எனக்கு முன் இருந்தவர் அதைக் குழாய் குழாயாகப் பிதுக்கியிருந்தார். நல்ல மனிதர், ஆனால் அந்தச் சிலிகானைச் சுரண்டிய இரண்டு வார இறுதிகளில் அவரைப் பற்றி நான் நல்லதாக எதுவும் நினைக்கவில்லை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை ஏறி இறங்கிப் பாருங்கள். காகிதக் கைக்குட்டை ஒன்றைக் கம்பியில் சுற்றி நெடுக இழுத்தால், ஒரு இழை அறுந்திருந்தாலும் காகிதம் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். அறுந்திருந்தால் அந்தக் கம்பியையே மாற்றுங்கள், ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். பத்து வருடத்துக்கு மேலான கம்பி என்றால் காப்பீட்டு நிறுவனங்களும் முகம் சுளிக்கும். கம்பியைவிட எனக்குப் பயம், அதைத் தளத்தில் பூட்டியிருக்கும் எஃகுப் பட்டை. துருப்பிடிக்காத எஃகுக்குக் காற்றுப் பட வேண்டும். தளத்துக்குள் மறைந்து ஈரத்தில் மூச்சுமுட்டிக் கிடக்கும் பகுதியில்தான் அது விரிசல் விடும். பட்டையின் அடியில் பழுப்பு நிறம் வடிந்திருந்தால் கழற்றிப் பாருங்கள். பாய்மரத்தை இறக்கிய பிறகு கம்பி மாற்றுவது வீட்டு வேலைதான். கம்பியின் நுனியில் மாட்டும் ஸ்டா-லாக் முனைகளை இரண்டு ஸ்பேனர் வைத்து நீங்களே பூட்டலாம்.

படகுக்காரர்கள் அடித்தோலின் கொப்புளங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். குத்தினால் வினிகர் வாசனையோடு நீர் வரும். அசிங்கம்தான், ஆனால் விலையைக் குறைக்கப் பயன்படுத்துங்கள், தூக்கம் கெடவேண்டாம். அடிப்பெயிண்டைச் சுரண்டும்போது மட்டும் ஈரமாக, முகமூடியோடு சுரண்டுங்கள். வெள்ளீயம் கலந்த நச்சுப் பெயிண்டைச் சிறு படகுகளுக்கு பிரிட்டன் 1987இல்தான் தடைசெய்தது. உங்கள் படகின் அடியடுக்குகளில் அது இன்னும் இருக்கலாம்.

மின்சாரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், பாய்மரத்தின் உச்சி விளக்கு. பழைய 25 வாட் பல்பு ஓர் இரவில் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர்-மணிக்கு மேல் குடித்துவிடும், எல்இடி அதில் பத்தில் ஒரு பங்கு.

உட்கூரையின் வினைல் தொங்கினால் ஆணியடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பின்னால் உள்ள நுரை பொடிந்து, ஒட்டும் மஞ்சள் மாவாகியிருக்கும். கிழித்த அன்று தலை, மூக்கு, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் இறங்கும். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். எங்கள் பட்டறை முற்றத்தின் வேலியோரம் அப்படிக் கழற்றிய படகுகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே புல் முளைத்து. அந்த வாரம் திரும்ப மாட்ட முடிகிறதை மட்டும் கழற்றுங்கள். மே மாதம் எப்படியாவது தண்ணீரில் இறக்கிவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள், விற்பவர் வேறு நாள் சொன்னாலும். மெத்தைகளைத் தூக்கி, அலமாரிகளின் மூலையில் கையை விட்டுத் தடவுங்கள். என்னுடையதில் இடப்பக்க முன் ஜன்னல் இன்னும் ஒழுகுகிறது. இரண்டு முறை அடைத்தாயிற்று. இப்போதைக்குக் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. ஏப்ரலில் சட்டத்தையே கழற்றிப் பார்க்க வேண்டும்.