டாக்டர் பதில்கள்: கை வேகம் மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைப் புற்றுநோய். ரோபோ ஆபரேஷனில் நெறிக்கட்டிகளையும் எடுப்பார்களாம். சீக்கிரம் முடிக்கிற டாக்டராகப் பார்க்கச் சொல்கிறார் மாமா. சரியா?
- வாசகி, காசிமேடு

பதில்: மாமா சொல்வது பாதிதான் சரி, தங்கச்சி. பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் வருகிறவர்களும் 'எத்தனை மணி நேரம் ஆகும்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். ரோபோ தானாக எதையும் வெட்டாது. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி அதன் கைகளை இயக்குவார். நெறிக்கட்டிகள் இருப்பதோ இடுப்புக்குள், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி. அங்கே அவசரப்படுகிற டாக்டரை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நேரம் மிச்சமாவது வேறு இடத்தில்: ரோபோவைப் பொருத்துவது, கருவிகளை மாற்றுவது. பழகிய நர்ஸ் என்றால், டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கருவி மாறியிருக்கும்.

அப்புறம், கருப்பை வாயில் பச்சைச் சாயம் ஒன்றைச் செலுத்தி அகச்சிவப்பு கேமராவில் பார்ப்பதுண்டு. புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி பளிச்சென்று பச்சையாகத் தெரியும். அதை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலை இருந்தால், பின்னாளில் கால் வீங்கும் வாய்ப்பு குறையும். அம்மாவுக்கு அது பொருந்துமா, இதே குழுவோடு இந்த ஆபரேஷனை எத்தனை செய்திருக்கிறார் என்று டாக்டரிடமே கேளுங்கள்.