என் கணினியில் ஓடுகிறது, அப்புறம்?

கேள்வி: கலை நிரல்கள் எழுத உதவும் சி++ கருவித்தொகுப்பான ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸில் ஒலிக்கேற்ப அசையும் துகள்களுக்காக ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். பார்த்தவர்கள் ஆட்-ஆனாக, அதாவது மற்றவர்களும் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் இணைப்பாக, வெளியிடச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது என்ற தயக்கம் வேறு.

பதில்: அரைகுறையாகவே இருக்கட்டும். பதிப்பு எண்ணை 0.1.0 என்று போடுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்தாலே, இதன் ஃபங்ஷன்கள் நாளைக்கு மாறலாம் என்று புரிந்துகொள்வார்கள்.

பெயர் ‘ஓஎஃப்எக்ஸ்’ (ofx) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். கிளாஸ்களுக்கும் அதையே முன்னால் ஒட்டுங்கள். வெறும் ‘பார்ட்டிகிள்’ என்று வைத்தீர்களானால், எடுத்துப் பயன்படுத்துபவரிடம் அதே பெயரில் இன்னொன்று ஏற்கெனவே இருக்கும். நிரலால் கலை படைக்கும் கிரியேட்டிவ் கோடர்களில் துகள் வரையாதவர் யார்?

ஃபோல்டர் அமைப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இதற்கென்றே ஒரு மாதிரி ஆட்-ஆன் இருக்கிறது. நகலெடுத்து உங்கள் கோப்புகளை உள்ளே வையுங்கள். உரிமக் கோப்பை மட்டும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், நிரல் கண்ணெதிரே கிடந்தாலும் அடுத்தவர் அதை எடுத்தாள சட்டப்படி அனுமதி கிடையாது. ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸே, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில்தான் வருகிறது, நானும் அதையே போடுகிறேன்.

நான் அடிபட்ட இடம் வேறு. என் முதல் ஆட்-ஆனை வெளியிட்ட ஒரே வாரத்தில், ‘கம்பைல் ஆகவில்லை’ என்று ஒருவர் எழுதினார். என்னிடம் ஜம்மென்று ஓடியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: என் நிரல் இன்னொரு ஆட்-ஆனைச் சத்தமில்லாமல் நம்பியிருந்தது. எந்தெந்த ஆட்-ஆன் வேண்டும் என்று பட்டியலிடும், என் ப்ராஜெக்டின் ‘ஆட்ஆன்ஸ் டாட் மேக்’ (addons.make) கோப்பில் இரண்டு பெயரையும் எழுதியிருந்தேன், அதனால் எனக்குப் பிரச்சினையே வரவில்லை. ஆனால் ஆட்-ஆனுக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் (addon_config.mk), எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று சொல்லும் வரி காலியாகக் கிடந்தது. அதைச் சரிசெய்து அனுப்பினால், ‘படம் கிடைக்கவில்லை’ என்று அடுத்த கடிதம். ஆட்-ஆனோடு நான் வைத்திருந்த உதாரண ப்ராஜெக்ட் என் டெஸ்க்டாப்பில் இருந்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தது! படம், ஒலி எதுவானாலும் உதாரணத்தின் ‘பின்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டேட்டா’வில்தான் இருக்க வேண்டும்.

அதனால் வெளியிடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸைப் புதிதாக வேறொரு இடத்தில் இறக்குங்கள். உங்கள் ஆட்-ஆனையும், அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும், யாரோ எழுதியதைப் போல கிட்ஹப்பிலிருந்தே எடுங்கள். ஜிப்பாக எடுத்தால் ஃபோல்டர் பெயரின் வாலில் ‘மெயின்’ அல்லது ‘மாஸ்டர்’ ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காவிட்டால் அந்தப் பெயரில் ஆட்-ஆனே இல்லை என்று பிழை வரும். விளக்கக் கோப்பான ரீட்மீயில் இதை ஒரு வரி எழுதிவிடுங்கள், பாதிக் கேள்விகள் குறையும். பிறகு ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸோடு வரும் ப்ராஜெக்ட் ஜெனரேட்டரில் உதாரணத்தைத் திறந்து உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். துகள்கள் அசைந்தால் வெளியிட்டுவிடலாம்.

எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள் என்பதும் ரீட்மீயில் இருக்கட்டும். விண்டோஸில் ஓட்டிப் பார்க்கவில்லையா? அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். நான் அப்படி எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான், முன்பின் தெரியாத ஒருவர் விண்டோஸுக்கான திருத்தத்தை அனுப்பினார். மூன்றே வரி.