இரண்டு அங்குலமா, நான்கு அங்குலமா?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, கையிலிருந்த பழைய கெப் வாகனங்களையே நாம் ஓட்டித் தீர்த்தோம். அந்த ஓட்டத்தின் களைப்பு இப்போது கடிதங்களாக வருகிறது. இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவற்றில், வாகனத்தின் உயரத்தைக் கூட்டும் ‘லிஃப்ட் கிட்’ குறித்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நிலாவெளி வாசகர்: என்னிடம் 2012ஆம் ஆண்டின் ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் உள்ளது. குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றித் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டு வருகிறேன். பின்புறம் தாழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்க்கிறது. கராஜ்காரர் 2 அங்குல ஸ்பேசர் போட்டால் போதும் என்கிறார். மகன் 4 அங்குல கிட் பூட்டச் சொல்கிறான். எதைத் தெரிவு செய்வது?

ஐயா, உங்கள் வண்டியில் இருப்பது உயரக் குறை அன்று. பல ஆண்டுகள் பாரம் சுமந்த பின்புற வில்தகடுகளின் (லீஃப் ஸ்பிரிங்) தளர்ச்சி. தளர்ந்த வில்தகட்டை அப்படியே விட்டு அதன் கீழே கட்டையை வைத்து உயர்த்துவது, கூன் விழுந்தவருக்குக் குதியுயர்ந்த செருப்பு வாங்கிக் கொடுப்பது போன்றது. எனவே அங்குலக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் கிலோக் கணக்கைப் பாருங்கள்.

பெற்றோல் நிலையம் ஒன்றின் சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட்டின் விளிம்பு வரை அளவு நாடாவால் நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். வெறும் வண்டியாக ஒருமுறையும், வழக்கமான மீன்பாரத்துடன் ஒருமுறையும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதாற்றான் சக்கர நடுவிலிருந்து அளக்கச் சொல்கிறேன். அடுத்து, கந்தளாய்ப் பக்கத்து நெல் ஆலைகளில் லொறிகளை ஏற்றி நிறுக்கும் தராசு இருந்தால், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும் நிறுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால், கிட் விற்பவர் சொல்வதைக் கேட்கும் நிலை மாறி, அவரிடம் நீங்கள் கேள்வி கேட்கும் நிலை வரும்.

ஓல்ட் மேன் ஈமு, ஐயன்மேன், டொபின்சன்ஸ் போன்ற அவுஸ்திரேலிய உற்பத்தியாளர்கள் ஒரே வாகனத்துக்கே பல வகை ஸ்பிரிங்குகளைச் செய்கிறார்கள். முன்புறத்துக்கு இரும்பு பம்பரும், வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சும் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தும், பின்புறத்துக்கு எப்போதும் ஏறியிருக்கும் பாரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தும் அவை வேறுபடும். இங்கே ‘எப்போதும்’ என்ற சொல்லே முக்கியம். உங்கள் வண்டி காலையில் 400 கிலோவுடன் வந்து, பின்னேரம் வெறுமையாகத் திரும்புமானால், 500 கிலோ நிலையான பாரத்துக்கான தகடுகளைப் பூட்டக்கூடாது. பூட்டினால் வெறுமையாக ஓடும் பாதி நேரமும் பின்புறம் கல்லுப்போல் இறுகி, கிறவல் வீதியில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும். நடுத்தரப் பாரத்துக்குரிய தகடுகளே உங்களுக்குப் பொருந்தும். பாரம் ஏறும்போது சிறிது தாழ்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். தாழத்தானே அது ஸ்பிரிங்.

காற்றுப் பை வைத்துப் பின்புறத்தைத் தூக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். தகடு தன் இரு முனைகளிலும் செஸியைத் தாங்குகிறது. காற்றுப் பையோ நடுவில் ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. பெட்டியின் கடைசி விளிம்பில் பாரம் தொங்கும் டபுள் கெப் வாகனங்களில் அந்த இடத்திலேயே செஸி வளைந்துபோவதுண்டு. செலவில்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு: கனமான ஐஸ் பெட்டிகளைப் பின் கதவை ஒட்டி வைக்காமல், கேபினோடு ஒட்டி வையுங்கள்.

கராஜ்காரர் சொல்லும் ஸ்பேசர் முன் சொக் அப்சோபரின் தலையில் வைக்கும் வட்டத் துண்டு. சொக் அப்சோபர், சக்கரத்தைச் செஸியோடு இணைக்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) நடுப்பகுதியில் பூட்டப்பட்டிருப்பதால், 1 அங்குலத் துண்டு சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குல உயர்வைத் தரும். இதை அறியாமல் 2 அங்குலத் துண்டையே வைப்பவர்கள், 4 அங்குலம் உயர்ந்த முகப்பைக் கண்டு மகிழ்ந்து, சில மாதங்களில், முன் சக்கரத்தைச் சுழற்றும் சீவி ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் சிதறுவதைக் கண்டு வருந்துகிறார்கள். உங்கள் கராஜ்காரர் குறிப்பது துண்டின் தடிப்பையா, வண்டியின் உயர்வையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியாயினும், முகப்பு ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் வண்டிக்கு முன் ஸ்பேசர் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

மகன் கேட்கும் 4 அங்குலம் வேறு வகை வேலை. ஏறத்தாழ 2 அங்குலம் வரை, கீழ்க் கையின் தொழிற்சாலைத் திருகாணிகளைக் கொண்டே சக்கரக் கோணங்களை (வீல் அலைன்மென்ட்) பெரும்பாலும் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் மேல் கைகளை மாற்ற வேண்டும், முன் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலைக் கீழிறக்க வேண்டும், பிரேக் குழாய்களை நீட்ட வேண்டும். வண்டியின் பாரமையமும் உயர்ந்து திருப்பங்களில் சாயும். மீன் ஏற்றும் வண்டிக்கு இது தேவையில்லை. இறங்குதுறை மணலில் புதைவதுதான் மகனின் கவலையானால், மணலில் இறங்கும் முன் டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். தார்வீதிக்கு ஏறியதும் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். நான்கு அங்குலம் தராத உதவியை அது தரும்.

ஆகவே என் தெரிவு: பின்புறத்துக்கு நடுத்தரப் பாரத்துக்கான புதிய தகடுகளும் அவற்றுக்குப் பொருந்தும் சொக் அப்சோபர்களும், முன்புறத்துக்குப் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மட்டும் புதியது. பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர், தகடுகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் சொக் அப்சோபரின் தண்டையும் அரிக்கும். தண்டில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழுந்தால் போதும், அது எண்ணெய்த் தடுப்பை வெட்டிவிடும். ஆதலால் நாளாந்தம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: வயல் பாதையில் போகும்போது பின் அச்சின் உருண்டை வரம்பில் இடிக்கிறது. 2 அங்குல லிஃப்ட் கிட் போட்டால் தீருமா?

தீராது. நீங்கள் உருண்டை என்று சொல்லும் டிஃபரன்ஷல் பின் அச்சோடு ஒன்றாக இருப்பது. அச்சு சக்கரத்தில் நிற்கிறது. ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது செஸியும் பெட்டியும் மட்டுமே. உருண்டையை உயர்த்த வல்லது டயர் ஒன்றே, அதுவும் விட்டம் கூடுவதில் பாதியளவுதான். 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். 265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர். வித்தியாசம் 27 மில்லிமீற்றர். உங்கள் உருண்டைக்குக் கிடைப்பது 13 மில்லிமீற்றர், ஒரு விரல் தடிப்பு. அதற்கு விலையாக, வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 62 ஆகிவிடும். இழுவையும் சற்றுக் குறையும்.

இடிப்பது உருண்டைதானா என்பதைப் படுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மண் ஒட்டியிருக்கும் இடமும் புதிதாக உரசி மினுங்கும் இடமும் சொல்லிவிடும். உரசல் எரிபொருள் தாங்கியின் காப்புத் தகட்டிலோ பக்கப் படியிலோ இருந்தால் லிஃப்ட் கிட் உதவும். உருண்டையில்தான் என்றால், வரம்பின் அந்த ஒரு மேட்டை மண்வெட்டியால் செதுக்கிவிடுவது எல்லாவற்றிலும் மலிவு.

கிண்ணியா வாசகர்: என் முதற்தலைமுறை இசுசு டி-மெக்ஸ் கெப்பின் முன்புறத்தை, ஒரு போல்ட்டை முறுக்கியே மெக்கானிக் உயர்த்திவிட்டார். செலவே இல்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு குழியிலும் தலையில் அடிப்பதுபோல் இருக்கிறது.

உங்கள் வண்டியின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. ‘டோர்ஷன் பார்’ எனப்படும் முறுக்குக் கம்பி உள்ளது. போல்ட்டை முறுக்குவதால் கம்பி வலுவடைவதில்லை, அதன் கை நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. சக்கரம் கீழ்நோக்கி இறங்குவதற்கு இருந்த இடைவெளியை மெக்கானிக் உயரமாக மாற்றித் தந்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு குழியிலும் மேல் கை ரப்பர்த் தடுப்பில் போய் முட்டுகிறது. பழைய அளவிலிருந்து 1 அங்குலத்துக்கு மேல் போகாதபடி திருப்பி இறக்கச் சொல்லி, சக்கரக் கோணங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசகர்: பின்புறத்தில் 3 அங்குலக் கட்டை வைத்து உயர்த்தினேன். இப்போது முதல் கியரில் எடுக்கும்போது வண்டியின் தரை அதிர்கிறது. பிரேக் பிடித்தால் முகப்பு குனிகிறது. எதிரே வருபவர்கள் எல்லோரும் லைட் அடித்து ஏசுகிறார்கள்.

முதல் இரண்டுக்கும் காரணம் அந்தக் கட்டைதான். எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும், இரு துண்டாக உள்ள புறொப்பெலர் ஷாஃப்ட்டின் நடுப் பேரிங் செஸியில் தொங்குகிறது. பின்புறம் உயர்ந்ததும் ஷாஃப்ட்டின் மடிப்புக் கோணம் மாறி அதிர்கிறது. உயரத்தைக் குறைப்பதே சிறந்தது. இல்லையேல் பேரிங்கின் தாங்கியைச் சிறிய துண்டு வைத்துக் கீழிறக்க வேண்டும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. பல கெப் வாகனங்களில் பின் அச்சுக்கும் செஸிக்கும் இடையே மெல்லிய கம்பி ஒன்று ஒரு வால்வை இயக்கும். பாரம் ஏறிச் செஸி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்; செஸி உயர்ந்தால், ‘வண்டி வெறுமையாக இருக்கிறது, பின் சக்கரம் வழுக்கிவிடும்’ என்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் கட்டை வைத்து உயர்த்தியதும் வால்வு ஏமாந்துவிட்டது. பெட்டி நிறையப் பாரம் ஏற்றினாலும் அது வண்டி வெறுமை என்றே நினைத்திருக்கும், முன் பிரேக்குகளே எல்லாச் சுமையையும் ஏற்கும். பின் அச்சின் மேல் கையை விட்டுத் தடவினால் அந்தக் கம்பி அகப்படும். உயர்த்திய அளவுக்கு அதன் தாங்கியை நகர்த்தி, வாகனத்தின் திருத்தக் கைநூலில் உள்ள அளவுப்படி சரிசெய்யும் வரை பாரம் ஏற்றாதீர்கள். ஏசுபவர்களுக்கு மறுமொழி: பின்புறம் மட்டும் உயர்ந்தால் ஒளி கீழேதான் இறங்கும், ஆகவே இதற்குக் கட்டை காரணமன்று; முகப்பு விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்து, ஒளி உயர்ந்திருந்தால் கீழே இறக்குங்கள். அப்படியிருந்தால் அவர்கள் ஏசுவதில் நியாயம் இருக்கிறது.

கந்தளாய் வாசகர்: கிட் வாங்கிவிட்டேன். ஊர்க் கராஜில் பூட்டலாமா? யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா?

ஊர்க் கராஜில் தாராளமாகப் பூட்டலாம், அருகில் நின்று பார்க்க உங்களுக்கு நேரம் இருந்தால். என் சொந்த வண்டிக்கு முன்னொருகால் புதிய தகடுகளைப் பூட்டியபோது, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, வண்டியை ஜக்கில் வைத்தபடியே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார்கள். நானும் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். தகட்டின் முனையிலுள்ள ரப்பர் புஷ் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டதால், வண்டி தரையில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அது முறுக்குண்டே இருந்தது. ஐந்தாம் மாதம் பின்புறம் பழைய கதவுபோல் கிறீச்சிட்டது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் சுற்றிலும் கீறிக் கிழிந்திருந்தது. ஆகவே புஷ் உள்ள போல்ட்டுகளை விரலிறுக்கமாக மட்டும் வைத்து, வண்டியை இறக்கி, சக்கரத்தில் நிறுத்தி, ஆட்டிவிட்டு, அதன் பிறகே இறுதியாக இறுக்கச் சொல்லுங்கள். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பாவிக்க விடாதீர்கள். அவை ஒருமுறை இழுபட்டவை. புதியவற்றையும் 500 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரக் கோணங்களைப் பூட்டிய அன்றும், ஸ்பிரிங் படிந்தபின் இன்னொருமுறையும் பாருங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, பதிவு விவரங்களிலிருந்து வாகனம் மாறுமானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தாக வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, மறுமொழியையும் எழுத்தில் பெறுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: எந்தக் கிட்டும் உங்கள் வாகனத்தின் சட்டபூர்வமான பார அளவைக் கூட்டுவதில்லை.

வெருகல் வாசகர்: மாரியில் மகாவலி பெருகினால் எங்கள் வீதியில் தண்ணீர் ஏறும். வண்டியை உயர்த்தினால் கடந்துவிடலாமா?

உயர்த்துவதால் எஞ்சின் காற்றிழுக்கும் வாய் 2 அங்குலம் மேலே போகும், அவ்வளவே. பின் அச்சும் சக்கர நடுவும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓடும் நீரில் ஆபத்து ஆழத்தில் மட்டும் இல்லை. பக்கத்திலிருந்து தள்ளும் விசையிலும் இருக்கிறது. நீரில் மிதக்க முற்பட்ட வண்டிக்கு டயரின் பிடிப்பு இராது. வீதியின் ஓரக்கல் தெரியாத நீரில் நான் இறங்கமாட்டேன், நீங்களும் இறங்க வேண்டாம். தவிர்க்க முடியாமல் அச்சு மூழ்கும் நீரைக் கடந்திருந்தால், சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்து சுருங்கும்போது காற்றுக் குழாய் வழியாக நீரை உள்ளே இழுத்திருக்கும். ஆகவே வீடு சேர்ந்ததும் அதன் நிரப்பு போல்ட்டைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் மறுநாள் வரை வைத்திராமல் அன்றே மாற்றிவிடுங்கள். அந்தக் காற்றுக் குழாயை ஒரு நீண்ட ரப்பர்க் குழாயால் பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவதற்கு லிஃப்ட் கிட்டின் விலையில் ஒரு சிறு பங்குகூடச் செலவாகாது.