மண்ணில் வாழும் கிருமியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அக்கா, உங்கள் மகள் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் நுண்ணுயிரியலைத்தான் முதலில் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீங்களோ, மண்ணுக்கிருமியைப் படித்துவிட்டு சுங்கை சிப்புட்டில் என்ன செய்யப்போகிறாள், பார்மசி எடுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். தோட்டச் சம்பளத்தில் படிக்கவைக்கும் வீட்டில் இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அவள் எதை விரும்புகிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. தனியாக நீந்தித் திரியும்போது, சின்ஆர் என்ற புரதம் அதன் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, பசை தயாரிக்கும் மரபணுக்களை வேலைசெய்ய விடாமல் வைத்திருக்கும். சூழல் மாறியதும் ஸ்போ0ஏ என்ற இன்னொரு புரதம் தூண்டப்பட்டு, சின்ஐ என்ற சிறு புரதத்தை உருவாக்கவைக்கும், அது போய் சின்ஆரைப் பிடித்துக்கொள்ள, அடைபட்டிருந்த மரபணுக்கள் திறந்து சர்க்கரைப் பசையும் டாஸ்ஏ என்ற புரத நாரும் சுரந்து, கூட்டமே ஒரு படலமாக வேரில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் பயோஃபில்ம் என்கிறார்கள். செடியின் செல்சுவரில் உள்ள பெக்டின் போன்ற பொருள்களே இதைத் தூண்டிவிடும் என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஒரே மரபணுத் தொகுதி உள்ள செல்களில் சில மட்டும் பசை செய்யும், சில நீந்திக்கொண்டே இருக்கும் என்பது.

சரி, இதனால் நமக்கென்ன? செம்பனை மரத்தடியில் தட்டுத்தட்டாகக் காளான் வளர்ந்து மரம் சாய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது கெனோடெர்மா என்ற பூஞ்சை, அதனால் வருவது அடித்தண்டு அழுகல் நோய். முற்றிய மரத்தைக் காப்பாற்ற நல்ல மருந்து இல்லை. பேசில்லஸ், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களால் அதை அடக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். அப்படிப்பட்ட பாக்டீரியாவைச் சும்மா கொட்டினால் போதாது, வேரில் ஒட்டித் தங்க வேண்டும். அங்கேதான் இந்த மரபணுக் கட்டுப்பாடு வருகிறது. பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு இந்த நோய் பெரிய தலைவலி.

இனி வேலை. வெறும் பட்டத்தோடு வெளியே வந்தால் ஆராய்ச்சி வேலை கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முதலில் கிடைப்பது பெரும்பாலும் உணவு, மருந்து, கையுறைத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம்தான். மோசமான வேலை இல்லை, ஆனால் அவள் ஆசைப்படுகிற மரபணு வேலை அதில் இருக்காது. அதற்கு முதுகலையாவது வேண்டும். விரிவுரையாளரின் ஆய்வு நிதியில் உதவித்தொகையோடு முதுகலை செய்கிற வழி உண்டு, முழுக்க உங்கள் கையிலிருந்து போகாது. அப்புறம், பார்மசி என்றால் அரசாங்க வேலை உறுதி என்ற எண்ணமும் பழசு: 2016 இறுதியிலிருந்து பார்மசி படித்தவர்களையும் ஒப்பந்தத்தில்தான் முதலில் எடுக்கிறார்கள்.

தங்கச்சி, இது உனக்கு. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கி தேசியப் பல்கலைக்கழகம் இரண்டின் பாடத்திட்டத்தையும் எடுத்து, மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் எந்த ஆண்டு வருகிறது, கடைசி ஆண்டு ஆய்வுத்திட்டம் யாரிடம் செய்யலாம் என்று பார். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர், மரபணுவை நீக்கிப் பார்ப்பது, கிரிஸ்டல் வயலெட் சாயத்தால் படலத்தை அளப்பது, இவற்றைக் கையால் செய்யத் தெரிந்தவளாக வெளியே வர வேண்டும். கணினியில் பைத்தான் நிரல்மொழியும் பழகு. இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி, ஏறக்குறைய 42 லட்சம் எழுத்துகள், 1997லேயே முழுதாகப் படித்து வெளியிடப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல், சின்ஆர் அதில் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடிப் பார்.

அக்கா, முதல் இடத்தில் நுண்ணுயிரியல் இருக்கட்டும், இரண்டாவதாக உயிரித்தொழில்நுட்பம் போடச் சொல்லுங்கள். பார்மசியை மூன்றாவதாகப் போடுவதில் அவளுக்கும் மறுப்பு இல்லை என்றால் போடலாம், உங்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.