ஜெற் எஞ்சின் மெக்கானிக் ஆக ஆசைப்படும் மகன்: ஒரு தகப்பனுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கம்பஸ் பற்றி ஒரு வார்த்தை கதைக்காமல் விமான எஞ்சின் பற்றியே கதைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க விமானப்படையில் ஜெற் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் மச்சான் அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றும், "ஆறு வருசம் படையில் இருந்துவிட்டு வந்து ஊரில் கராஜ் போடுவதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. படையில் இருக்கும் அந்த மச்சானும் கேட்டுக்கொள்ள வேண்டியது.

முதலில் ஒன்று. அமெரிக்கப் படையில் சேர அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இல்லையென்றால் கிரீன் கார்ட் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க வழியில்லை. காசு கட்டினால் சேர்த்துவிடலாம் என்று யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மச்சான் செய்வது என்ன வேலை என்று தம்பிக்கு முழுதாகத் தெரியுமோ தெரியாது. டெக்சாஸில் அடிப்படைப் பயிற்சி, பிறகு அதே மாநிலத்தில் ஷெப்பர்ட் தளத்தில் எஞ்சின் பாடம், அப்புறம் ஏதாவதொரு தளத்தில் எஃப்-16 போன்ற போர்விமானத்தோடு வருடக்கணக்கில் வாழ்க்கை. படத்தில் தெரிவது நெருப்புக் கக்கும் எஞ்சின். நாளாந்த வேலையில் பெரும்பங்கு பார்ப்பதும் எண்ணுவதும் எழுதுவதும்தான். எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் சின்னத் துவாரத்துக்குள் மெல்லிய கமராக் குழாயை விட்டு, ஒருவர் உள்சுற்றியை மெதுவாகத் திருப்ப, மற்றவர் திரையில் ஒவ்வொரு தகடாகக் கீறலும் வெடிப்பும் தேடுவார். அந்தத் தகடுகளைத் தொட்டுப் போகும் வாயு, தகட்டு உலோகம் உருகும் வெப்பநிலையையும் தாண்டிய சூட்டில் இருக்கும். தகட்டில் ஊசித்துளைகள் போட்டு, அதன் வழியே காற்றை விட்டுத்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். அந்தத் துளைகளில் சில அடைபட்டாலே கதை கந்தலாகிவிடும். போல்ட் கழராமல் இருக்கக் கம்பி முறுக்கிக் கட்டுவார்கள். அது போல்ட்டை இறுக்கும் பக்கம் இழுக்கவேண்டும், மாறிக் கட்டினால் அவிழ்த்துத் திரும்பவும் கட்டவேண்டும். வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியில் ஒரு சொக்கெட் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது. இரவு இரண்டு மணியானாலும் தேடத்தான் வேண்டும்.

இதில் பொறுமை இருக்கிற பிள்ளைக்கு இது அருமையான தொழில். போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டிய ஊரில் பிறந்தவனுக்கு எஞ்சின் ஆசை வராவிட்டால்தான் அதிசயம். (ஜெற் எஞ்சின் குடிப்பதும் மண்ணெண்ணெய் இனம்தான்.) ஆனால் அந்தக் காலத்து மெக்கானிக்மாரின் கெட்டித்தனம் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது. விமானத்தில் சமாளிப்பு குற்றம். புத்தகத்தில் எழுதியபடி செய்யவேண்டும், செய்ததை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

இனி, படையை விட்டு வந்த பிறகு. அமெரிக்காவில் சிவில் விமானத்தில் கைவைத்து, அது பறக்கலாம் என்று கையெழுத்துப் போட எஃப்.ஏ.ஏ. என்ற அரச நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பாதி: விமான உடல், எஞ்சின். அனுபவத்தைக் காட்டிப் பரீட்சை எழுத, ஒரு பாதிக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவம் கேட்பார்கள். பிறகு எழுத்து, வாய்மொழி, செய்முறைச் சோதனைகள். சிக்கல் எங்கே என்றால், படையில் ஒருவரை எஞ்சினுக்கு மட்டும் என்று வைத்துவிடுவார்கள். அவர் பத்து வருடம் எஞ்சின் கழற்றியிருந்தாலும் இறக்கை, சக்கரம், ஹைட்ரோலிக் வேலை செய்ததாகத் தாளில் இல்லையென்றால் எஞ்சின் பாதிதான் கிடைக்கும். விமான நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கின்றன. ஆகவே மச்சானுக்கு நான் சொல்வது: படையில் இருக்கும்போதே மற்றப் பிரிவு வேலைகளையும் கேட்டு வாங்கிச் செய்யட்டும், மேலதிகாரியின் கையெழுத்தோடு பதிந்து வைக்கட்டும், முடிந்தால் சீருடையைக் கழற்றமுன் பரீட்சையையும் எழுதிவிடட்டும். படிப்புச் செலவுக்கு, படையில் இருந்தவர்களுக்கு அந்த அரசு தரும் ஜிஐ பில் என்ற உதவி இருக்கிறது. காதையும் சோதித்துப் பதிவில் ஏற்றிக்கொள்ளட்டும். அங்கே முன்னாள் படையினர் ஈடு பெறும் பாதிப்புகளில் முதலிடத்தில் நிற்பது காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சல்தான்.

விமானம் அலுத்தவர்களுக்கு மின்நிலையங்கள் இருக்கின்றன. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எல்எம்2500, எல்எம்6000 என்ற வாயுச்சுழலிகள் (காஸ் டர்பைன்) எல்லாம் விமான எஞ்சினில் இருந்து பிறந்து கப்பலுக்கும் மின் உற்பத்திக்கும் போனவை. நம் நாட்டிலும் கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் நிலையம் வாயுச்சுழலியோடுதான் ஓடுகிறது. அங்கே இருப்பது விமான வழி வந்த இனமல்ல, ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்.

இலங்கை விமானப்படை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்குகிறது. கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தலைமுறை நாம். 1996 இல் இந்த நாட்டுக்கு வந்த அந்த விமானத்துக்குள் இருந்தது ஜே79 என்ற எஞ்சின், அமெரிக்க ஃபான்டம் போர்விமானத்தில் இருந்த அதே இனம். தம்பி படம் பார்த்து ரசிக்கும் எஞ்சின்களும் எங்கேயோ யாருடைய தலைக்கு மேலேயோ பறக்கத்தான் செய்யப்பட்டவை. இதைச் சொல்லி அவனைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒருநாள் இருந்து பேசுங்கள். சம்பளக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை இது.

அவனுக்கு வேண்டியது எஞ்சின் என்றால் படை வழியாகப் போகத் தேவையே இல்லை. நேராக சிவில் விமானப் பராமரிப்பு லைசென்ஸுக்குப் போகலாம், என் அபிப்பிராயத்தில் அதுதான் நல்ல வழி. ஐரோப்பிய முறையில் பி1 என்ற லைசென்ஸ் வகை விமான உடலும் எஞ்சினும், பி2 மின்னணுப் பக்கம். தம்பிக்கு பி1. பாடம் பாடமாகப் பரீட்சை, ஒவ்வொன்றிலும் 75 புள்ளி எடுக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுப் படிப்பும் முடித்தால் அதன் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம், அப்படி இல்லாவிட்டால் ஐந்து வருடம் வரை போகும். கட்டுநாயக்கவில் ஶ்ரீலங்கன் நிறுவனத்தின் கல்லூரி இருக்கிறது. தனியார் இடங்களும் விளம்பரம் போடுகின்றன. காசு கட்டமுன் ஒரே கேள்வி: இந்தப் படிப்புக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் உண்டா, எந்த லைசென்ஸ் வகைக்கு? பதில் எழுத்தில் வரவேண்டும். "டிப்ளோமா தருவோம்" என்று மட்டும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

பலாலி விமான நிலையத்துக்கு சென்னையில் இருந்து வரும் ஏடிஆர் விமானத்தில் காற்றாடி சுற்றினாலும், உள்ளே இருப்பது ஜெற் எஞ்சினின் சொந்தக்காரன்தான், பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடபிள்யூ127. தம்பிக்கு இது தெரியாவிட்டால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

செலவு அதிகம் என்று தோன்றினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் இயந்திரத் தொழில் ஒன்றைப் படித்துக் கையைப் பழக்கிவிட்டு, ஒரு வருடம் ஆங்கிலத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பராமரிப்புப் புத்தகம் முழுவதும் ஆங்கிலத்தில்தான். நிறக்குருடு இருக்கிறதா என்று கண்ணையும் ஒருதரம் காட்டிவிடுங்கள். வயர் நிறம் பிரிக்க முடியாதவருக்கு இந்தத் தொழில் கஷ்டம், அதைக் காசு கட்டமுன் தெரிந்துகொள்வது நல்லது.

வரும் கிழமை பெறுபேற்றுத் தாள்களோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்விகளை அவனிடம் கேட்பேன், நீங்கள் இடையில் பதில் சொல்லக்கூடாது.