பாயிண்ட் 22 வாங்கலாமா, ஏர் ரைஃபிளே போதுமா?

கேள்வி: திருவிழாவில் பலூன் சுட்ட ஆசை இந்த வயதிலும் போகவில்லை. வேட்டை, போட்டி எதுவும் இல்லை, வாரக் கடைசியில் தோட்டத்தில் தாள் ஒட்டிச் சுட்டுப் பழகத்தான். இருப்பதிலேயே செலவு குறைந்தது பாயிண்ட் 22 ரைஃபிள்தான் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது அமெரிக்காவுக்குச் சரி. அங்கே தோட்டாக்களிலேயே சல்லிசு பாயிண்ட் 22தான் (குழலின் விட்டம் 0.22 அங்குலம் என்பதால் அந்தப் பெயர்), பெட்டி பெட்டியாக வாங்கிச் சுட்டுத் தள்ளுவார்கள். நம் ஊரில் அதற்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, அதெல்லாம் முடிந்து கையில் கிடைத்தாலும் வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். எண்ணி எண்ணிச் சுட்டால் கை எப்போது பழகுவது? அப்புறம், அந்தச் சின்னத் தோட்டா குறி தவறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருக்கும் இடத்தில் அது ஆகாத காரியம்.

நீங்கள் வாங்க வேண்டியது பாயிண்ட் 177, அதாவது 0.177 அங்குலம் அல்லது 4.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட ஏர் ரைஃபிள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இந்த அளவைத் தாண்டாமல், குழலை விட்டு வெளியேறும் குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் கேட்டு, பில்லில் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் ரைஃபிளிலேயே பாயிண்ட் 22 இருக்கிறது, 'கொஞ்சம் பெரிசு சார், நல்லா அடிக்கும்' என்று காட்டுவார்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சின்னது என்று குறைவாக நினைக்காதீர்கள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் போட்டியில் சுடுவதும் பாயிண்ட் 177தான், அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த பொட்டு அளவு.

குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகமே உங்களுக்குப் போதும். காற்றை அடைத்து வைத்துச் சுடும் பிசிபி ரகம் துல்லியமானதுதான், ஆனால் அதற்கு பம்ப், சிலிண்டர் என்று செலவு பின்னாலேயே வரும். ஸ்பிரிங் ரகம் சுடும்போது முன்னும் பின்னும் உதறும், இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும், முன் கையில் சும்மா படுக்க வைத்ததுபோல் பிடியுங்கள். 10 மீட்டரில் பத்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழ ஆரம்பித்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். மிச்சமாகும் காசில் பெல்லட், அதாவது ஏர் ரைஃபிள் குண்டு வாங்குங்கள். தட்டை மூக்கு வைத்ததாகக் கேளுங்கள், அது தாளில் பஞ்ச் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை போடும், எங்கே பட்டது என்று குழப்பமே இருக்காது. இலக்குக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை நெருக்கமாகத் திணித்த மரப்பெட்டி, அதற்கும் பின்னால் மண்மேடு. பெல்லட் ஈயம், தொட்ட கையோடு முறுக்கு எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

ஒரு விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் துப்பாக்கி வாங்கிய புதிதில், வழுக்கிக்கொண்டு ஓடட்டுமே என்று தையல் மெஷின் எண்ணெயை உள்ளே நாலு சொட்டு விட்டேன். அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு, டமார் என்ற சத்தத்தோடு குழல் வாயில் புகை வந்தது. அடுத்த வாரம் உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் சீலை மாற்ற வேண்டியதாயிற்று.